காவல் நீங்கிய கணினி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் புளியங்குடி. எலுமிச்சை நகரம் எனப் பெயர்பெற்ற இவ்வூரின் சந்தைக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து காய்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன. கேரளத்திற்கும் பிற ஊர்களுக்கும் செல்கின்றன. காய் ஓரிரு நாளில் கைமாறிவிடும். கணக்கு அவ்வளவு விரைவில் முடிவதில்லை. உழவர் பெற்ற முன்பணம், மூட்டைகளின் எடை, அன்றைய விலை, கழித்த தரகு, வெளியூர் வணிகர் தர வேண்டிய பாக்கி ஆகியவை மாதக்கணக்கில் பதிவேட்டில் நிற்கும். ஒரு காலத்தில் பேரேடுகளில் எழுதப்பட்ட இத்தகைய கணக்கு, இன்று மண்டிகள் பலவற்றில் கணினிக்குள் இருக்கிறது.

அப்படிப்பட்ட மண்டி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மேசைமேல் பத்தாண்டுப் பழைய கணினி. அதில் விண்டோஸ் 10 இயங்குதளம். பக்கத்தில் ஓசையோடு ரசீது அடிக்கும் அச்சுப்பொறி. 2025 அக்டோபர் 14 அன்று அந்த இயங்குதளத்திற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. மறுநாள் காலையிலும் கணினி வழக்கம்போல் இயங்கியது; கணக்கு மென்பொருள் திறந்தது; ரசீது வந்தது. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏதுமில்லை. ஆயினும் முந்தைய நாள்வரை இருந்த ஒரு காவல் அன்று நீங்கியிருந்தது.

இயங்குதளமும் ஆதரவும்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று வேலைகளைப் பகிர்ந்தளிப்பது இயங்குதளம். இதனை இயக்க அமைப்பு என்றும் வழங்குவர். கோப்பைத் திறப்பது, விசைப்பலகையில் அடித்ததைத் திரைக்குக் கொண்டுசெல்வது, அச்சுப்பொறிக்கு ஆணையிடுவது, வலைப்பின்னல் வழியே வருவதை ஏற்பதா மறுப்பதா என முடிவுசெய்வது ஆகிய அனைத்தும் அதன் பணிகள். இதற்காக எழுதப்படும் நிரல் கோடிக்கணக்கான வரிகளைக் கொண்டது. மனிதர் எழுதியது ஆதலின் அதில் குறைகள் இருக்கும். அவற்றுள் பல தீங்கற்றவை. சில குறைகளோ, வெளியார் ஒருவர் உரிமையாளரின் அனுமதியின்றி உள்ளே நுழைந்து கணினியைத் தம் விருப்பப்படி இயக்க வழிவிடுபவை.

இரும்பு துருப்பிடிப்பதைப்போல மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. பத்தாம் ஆண்டில் கண்டறியப்படும் குறை பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்ததுதான்; யாரும் அதைக் காணவில்லை, அவ்வளவே. கண்டறியப்படும் குறைகளை அடைக்கும் திருத்தங்களைத் தொடர்ந்து எழுதி அனுப்புவதே ஆதரவு என்பதன் முதன்மையான பொருள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை இத்திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. ஆதரவு முடிந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தக் கணினிக்கு வருவதில்லை. குறைகளைத் தேடுவோரின் வேலையோ நிற்பதில்லை.

இதில் பலரும் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. புதிய இயங்குதளம் முற்றிலும் புதிதாக எழுதப்படுவதன்று. பழையதன் நிரலில் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டே அது பிறக்கிறது. எனவே புதியதில் கண்டறியப்படும் குறை பழையதிலும் இருக்க வாய்ப்பு மிகுதி. புதியதற்குத் திருத்தம் வெளிவந்தவுடன், திருத்தத்திற்கு முன்பிருந்த கோப்பையும் பின்பு வந்த கோப்பையும் ஒப்பிட்டு, எந்த இடம் மாற்றப்பட்டது என்பதை அறிந்தவர் கண்டுபிடித்துவிட முடியும். மாற்றப்பட்ட இடமே குறை இருந்த இடம். புதிய இயங்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கு மருந்தாக வரும் திருத்தம், பழையதில் தங்கிவிட்டவரின் நோயைப் பகைவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஆதரவு நின்ற முதல் நாளில் ஆபத்து சிறிது. மாதங்கள் செல்லச் செல்ல, அடைபடாத வழிகளின் எண்ணிக்கை கூடுகிறது.

2017 மே மாதத்தில் நடந்தது

அவ்வாறு ஒரு வழி எவ்வளவு அகலமானதாக இருக்கும் என்பதை உலகம் 2017-இல் கண்டது. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்திய பழைய முறை ஒன்றில் பெருங்குறை இருந்தது. அவ்வாண்டு மார்ச் 14 அன்று, அப்போது ஆதரவிலிருந்த பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. 2001-இல் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பொதுவாகத் திருத்தம் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, அக்குறையைப் பயன்படுத்தி உள்நுழையும் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல் அதைக் கொண்டு பரவத் தொடங்கியது.

இந்நிரல் புகுந்த கணினியில் கோப்புகள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டன. திறவுகோல் இல்லாமல் அவற்றைப் படிக்க இயலாது. திறவுகோல் வேண்டுமாயின் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தர வேண்டும் என்று திரையில் அறிவிப்புத் தோன்றியது. எவரும் எந்த இணைப்பையும் சொடுக்கத் தேவையிருக்கவில்லை. ஒரு கணினியிலிருந்து அதே வலைப்பின்னலில் உள்ள அடுத்த கணினிக்கு அது தானாகவே தாவியது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கும் என மதிப்பிடப்பட்டது. ஆந்திரக் காவல்துறைக் கணினிகள் சிலவும் சிக்கின. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் மகிழுந்து ஆலையும் பாதிக்கப்பட்டது. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் பிரித்தானிய இளைஞர், அந்நிரல் தேடிப் பார்க்கும் இணைய முகவரி ஒன்று யாராலும் பதிவுசெய்யப்படாமல் இருப்பதைக் கண்டு அதைப் பதிவுசெய்தார். அம்முகவரி உயிர்பெற்றதும் நிரலின் பரவல் அடங்கியது.

இந்நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் பலர் பழியை விண்டோஸ் எக்ஸ்பியின்மேல் சுமத்துகின்றனர். அது முழு உண்மையன்று. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். திருத்தம் வந்து இரண்டு மாதங்கள் ஆகியும் அவற்றில் யாரும் அதை நிறுவவில்லை. ஆதரவு இருந்தும் திருத்தத்தை ஏற்காத கணினியும், ஆதரவே இல்லாத கணினியும் தாக்க வருவோருக்கு ஒன்றே. தாக்குதலுக்குப் பின் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் திருத்தம் வெளியிட்டது. 2019 மே மாதம் வேறொரு பெருங்குறைக்காக மீண்டும் ஒருமுறை அவ்வாறு செய்தது. இவை விதிவிலக்குகள். இவற்றை நம்பிக் கணினியைத் திறந்துபோடுவது அறிவுடைமை ஆகாது.

பணப்பொறிக்கு வந்த கெடு

பழைய இயங்குதளத்தை உடனே மாற்ற முடியாது, விட்டுவைக்கவும் முடியாது என்னும் இக்கட்டு இந்திய வங்கிகளுக்கு நேர்ந்தது. ஏ.டி.எம். எனப்படும் தானியக்கப் பண இயந்திரத்தின் உள்ளே இருப்பதும் ஒரு கணினியே. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னும் பல இயந்திரங்கள் அதிலேயே இயங்கின. 2017 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி இதுகுறித்து வங்கிகளை எச்சரித்தது. முன்னேற்றம் போதவில்லை என்று கண்டு, 2018 ஜூன் 21 அன்று காலக்கெடுவுடன் கூடிய சுற்றறிக்கையை வெளியிட்டது.

அச்சுற்றறிக்கையின் வரிசைமுறை கருதத்தக்கது. முதலில் இயங்குதளத்தை மாற்றச் சொல்லவில்லை. 2018 ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டியவையாக அது கூறியவை எளிய தாழ்ப்பாள்கள். கணினி தொடங்கும் நிலையிலேயே கடவுச்சொல் இடுவது அவற்றுள் ஒன்று. அது இல்லையெனில், இயந்திரத்தின் மேல்மூடியைத் திறக்க முடிந்தவர் தம்மிடமுள்ள விரலியிலிருந்து வேறோர் இயங்குதளத்தைத் தொடங்கி, உள்ளிருக்கும் காவல்கள் அனைத்தையும் தாண்டிச் சென்றுவிடலாம். யு.எஸ்.பி. துளைகளை முடக்குவது அடுத்தது. செருகியவுடன் தானாக ஓடும் வசதியை நிறுத்துவது மற்றொன்று. நிர்வாகிக்குரிய அதிகாரத்தை வரையறுத்த நேரத்திற்கு மட்டும் வழங்குவதும் அதில் அடங்கும். 2019 மார்ச்சுக்குள் அனுமதிப் பட்டியல் முறை வர வேண்டும் என்றது. தீயவை எவை என்று பட்டியலிட்டுத் தடுப்பது வழக்கமான வைரஸ் தடுப்பு முறை; பட்டியலில் உள்ள சில நிரல்களைத் தவிர வேறு எதுவும் இயங்கக்கூடாது என்பது அனுமதிப் பட்டியல் முறை. பணம் வழங்கும் ஒரே வேலையைச் செய்யும் இயந்திரத்திற்கு இதனினும் பொருத்தமான காவல் இல்லை.

இவற்றோடு இயங்குதள மாற்றத்திற்கும் படிநிலைகள் வகுக்கப்பட்டன. இயந்திரங்களில் கால்பங்காவது 2018 செப்டம்பருக்குள், பாதி டிசம்பருக்குள், முக்கால்பங்கு 2019 மார்ச்சுக்குள், அனைத்தும் ஜூனுக்குள் ஆதரவுள்ள பதிப்புக்கு மாற வேண்டும். காவல் முயற்சிகளுக்கும் மாற்றத்திற்கும் தனித்தனிக் கெடு விதித்ததே இச்சுற்றறிக்கையின் சிறப்பு. தாழ்ப்பாள் போட்டாயிற்று என்பதற்காக மாற்றத்தைத் தள்ளிப்போட அது இடம்தரவில்லை.

விலை கொடுத்து ஆதரவை நீட்டிக்கும் வழியும் உண்டு. 2014-இல் பிரித்தானிய அரசு எக்ஸ்பிக்காக ஓராண்டுக்குச் சுமார் 55 இலட்சம் பவுண்டு செலுத்தியது. விண்டோஸ் 10-க்கும் தனிப்பட்ட பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அதற்குப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். தாமாகப் பதிவுசெய்யாதவருக்கு அது கிட்டாது.

மண்டிக் கணினிக்கு ஏற்ற காவல்

வங்கியிடம் பொறியாளர் உண்டு; மண்டியில் இல்லை. அங்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இக்கணினி எவற்றோடு தொடர்பு கொள்கிறது?' என்பதே. குறை இருந்தாலும் அதை அடைய வழி இல்லையெனில் தாக்குதல் நிகழாது. கணக்கு எழுதவும் ரசீது அடிக்கவும் இணையம் வேண்டியதில்லை. வங்கிக் கணக்கைப் பார்ப்பது, மின்னஞ்சல் படிப்பது, வெளியூர் வணிகர் அனுப்பும் கோப்பைத் திறப்பது ஆகியவற்றுக்கே இணையம் வேண்டும். இவ்விரு வேலைகளையும் பிரித்துவிடுவது பாதிப் பாதுகாப்பு. பழைய கணினியின் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, பணப்பரிமாற்றத்தையும் மின்னஞ்சலையும் ஆதரவிலுள்ள வேறொரு கருவிக்கு மாற்றலாம். நடப்புத் திருத்தங்களைப் பெறும் திறன்பேசியே பல சிறுகடைகளுக்குப் போதுமானது. திறன்பேசிக்கும் ஆதரவு முடியும் நாள் உண்டு என்பதையும், கடை மூலையில் விளக்கு மினுக்கும் இணையத் திசைவிக்குள்ளும் ஓர் இயங்குதளம் உண்டு என்பதையும் பலர் நினைப்பதே இல்லை.

இணைப்பு நீங்கினால் விரலியின் பயன்பாடு கூடும். அதுவே புதிய வாயிலாகிவிடக்கூடும். மண்டிக்கென ஒரு விரலியை ஒதுக்கி, அதைத் திருமண அழைப்பிதழ் அச்சிடவும் பாட்டு ஏற்றவும் அனுப்பாமல் வைத்திருப்பது நன்று. தானாக ஓடும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமற்ற சாதாரணப் பயனர் கணக்கைப் பயன்படுத்துவது அதனினும் பெரிய காவல். அக்கணக்கில் புகும் நச்சுநிரலுக்கும் அக்கணக்கின் அதிகாரமே கிடைக்கும். கணினி முழுவதையும் கைப்பற்ற அது மேலும் ஒரு கதவை உடைக்க வேண்டியிருக்கும்.

சில இடங்களில் இணையத்தை முற்றிலும் துண்டிக்க இயலாது. அங்கு வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இயக்கத்தில் இருக்க வேண்டும். வானாக்ரை பயன்படுத்திய பழைய கோப்புப் பகிர்வு முறையை அணைத்துவிட வேண்டும். உலவியின் வயதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்த பின்னும் குரோம் உலவி அதற்குப் புதிய பதிப்புகளை அளித்துவந்தது. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து அதுவும் நின்றது. முதலில் இயங்குதளம் தனித்துவிடப்படுகிறது. பின்னர் உலவி, வைரஸ் தடுப்பு நிரல், அச்சுப்பொறிக்கான நிரல் என ஒவ்வொன்றாக விலகிச் செல்கின்றன. வைரஸ் தடுப்பு நிரல் இருக்கிறதே என்னும் ஆறுதல் அரைகுறையானது. அது அறிந்த திருடரைப் பிடிக்கும் காவலர். சுவரில் உள்ள ஓட்டையை அடைக்கும் கொத்தனார் அன்று. உரிமக் கட்டணத்தைத் தவிர்க்கச் சிலர் நிறுவும் திருட்டு நிரல்களோ, காவலரையே முதலில் வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வருபவை.

இவ்வளவு செய்தும் கோப்புகள் பறிபோகலாம். அன்று கைகொடுப்பது காப்புப்படி மட்டுமே. ஒவ்வொரு நாளும் கணக்குக் கோப்பைப் படியெடுத்து, எடுத்தவுடன் அந்த வன்தட்டைக் கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். கணினியிலேயே செருகி வைக்கப்பட்ட காப்புப்படியையும் நச்சுநிரல் சேர்த்தே பூட்டிவிடும். ஒரே தட்டை நாள்தோறும் மேலெழுதுவதைவிட, இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது மேல். மாதம் ஒருமுறை அப்படியை வேறொரு கணினியில் திறந்து, கடைசி ரசீதுவரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். உழவர் ஒருவரின் முன்பணக் கணக்கு அழிந்தால் இழப்பு மண்டிக்கு மட்டுமன்று. தமக்கு வர வேண்டியதை மெய்ப்பிக்க அவரிடம் துண்டு ரசீதைத் தவிர வேறொன்றும் இராது.

'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, சரிசெய்து தருகிறோம்' என்று தொலைபேசியில் அழைப்போரும் உண்டு. எந்த நிறுவனமும் அவ்வாறு அழைப்பதில்லை. பணம் பறிபோனால் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும்.

மாறத் தயங்குவது ஏன்?

பழைய கணினியைக் கட்டிக்கொண்டிருப்போரைக் கஞ்சர் என்றோ சோம்பேறி என்றோ ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஒப்பீட்டளவில் புதிய செயலியையும் கேட்கிறது. நன்றாக இயங்கும் பல கணினிகள் அத்தேர்வில் தோற்கின்றன. தமிழ்நாட்டின் சிற்றூர் அச்சகங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001-இல் தன் கடைசிப் பதிப்பான ஏழாம் பதிப்பைக் கண்ட பேஜ்மேக்கர் மென்பொருளிலும், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களிலும் அவர்களின் பல்லாண்டு உழைப்பு சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துருக்களில் ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தனக்கென ஒரு குறியீட்டில் வைத்திருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கோயில் விழா அழைப்பிதழ் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் எழுதப்பட்டவை தாமாக ஒருங்குறிக்கு வந்துவிடவில்லை.

இத்தகைய இடங்களுக்கு மெய்நிகர் கணினி நல்ல வழி. ஆதரவுள்ள புதிய கணினிக்குள், ஒரு மென்பொருளின் துணையால் மற்றொரு கணினி இருப்பதுபோன்ற சூழலை உருவாக்கி, அதில் பழைய இயங்குதளத்தையும் பேஜ்மேக்கரையும் நிறுவலாம். அதற்கு இணைய இணைப்பைக் கொடுக்காமல் விட்டால், பழையது ஒரு சாளரத்திற்குள் அடங்கி வேலை செய்யும். இணையத்தோடு உறவாடும் வேலை முழுவதும் புதியதன் பொறுப்பில் இருக்கும். அதற்கிடையே பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றிகளின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம்.

இயங்குதளத்தையே மாற்ற விரும்புவோருக்குக் கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது; டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்ட அது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்க்கு வழங்கப்பட்டவற்றில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. அவற்றுள் இரண்டாவதைத் திறந்து பார்த்தவர் சிலரே. 2014-இல் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த வேளையில், தன் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. பத்தாண்டு வயதான கணினியிலும் லினக்ஸ் வகைகள் சில இலகுவாக ஓடும். ஆனால் மண்டியின் கணக்கு மென்பொருள் அதில் இயங்குமா, அச்சுப்பொறி ரசீது அடிக்குமா என்பதை முன்கூட்டியே விரலியிலிருந்து இயக்கிச் சோதித்த பின்னரே மாற வேண்டும். விலையில்லை என்பதால் அதற்கு முடிவு இல்லை என்றும் கொள்ளக்கூடாது. டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்றாண்டு முழு ஆதரவும், நீட்டிப்பைச் சேர்த்து ஏறத்தாழ ஐந்தாண்டும் கிடைக்கும். பிறகு அடுத்த பதிப்புக்குச் செல்ல வேண்டும். அங்குச் செல்லக் கட்டணம் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

மாற்றம் முடிந்த பின் பழைய கணினி ஒரு மூலைக்கோ பழைய பொருள் வாங்குபவருக்கோ போகிறது. கோப்புகளை நீக்கிக் குப்பைத்தொட்டியைக் காலிசெய்தால் அவை அழிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. வன்தட்டில் அழிவது கோப்பின் முகவரி மட்டுமே. மேலே வேறொன்று எழுதப்படும்வரை தரவு அங்கேயே இருக்கும், எளிய மென்பொருளால் மீட்கவும் படும். எனவே வன்தட்டு முழுவதையும் மேலெழுதும் நிரலை ஒருமுறை ஓடவிட வேண்டும். அல்லது வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதை, அரசிடம் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.